பொருந்தாத ஜோடிப் படத்தை எப்படிப் பார்ப்பது?

ஜோடி சேருமா என்று காத்திருக்காதீர்கள், சேரும் என்பது போஸ்டரிலேயே தெரிந்துவிடும். இரண்டு பேருக்கும் நடுவில் குறுக்கே நிற்பது என்ன என்று பாருங்கள், பணமா, படிப்பா, அப்பாவின் வீம்பா.

தொடங்க நல்ல படம் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). நம்ம பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறில் எடுத்தது. எஸ்டேட் வேலையிலிருந்து துரத்தப்பட்ட பையன் முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து போராடுகிறான், அந்த முதலாளியின் மகளையே காதலிக்கவும் செய்கிறான், அந்தத் துணிச்சலுக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்புறம், ஜோடி வாய்ச்சண்டை போடும் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். வாய்க்கு வாய் பதில் சொல்ல வேண்டுமென்றால் எதிராளி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் இல்லையா, காதல் அங்கேதான் முளைக்கிறது. என் அம்முச்சி நிலக்கடலை உரித்துக்கொண்டேதான் படம் பார்ப்பார், திட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று பேச்சை நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கும் இடம் வந்தால் மட்டும் அவர் கை நின்றுவிடும், பாதி உடைந்த கடலை விரலிடுக்கிலேயே இருக்கும். அந்த இடத்தைத் தேடுங்கள்.

வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்தும் படமா? அதை இந்த வகையில் சேர்க்காதீர்கள், நிறுத்திவிட்டு வேறு போடுங்கள்.