கூறு போட்ட நோயாளி: செவிலியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஆண்கள் மருத்துவ வார்டில், புதிதாகப் பணியில் சேர்ந்த பயிற்சி ஆசிரியர் (டியூட்டர்) ஒருவர் காலை ஏழு மணிக்கு ஒரு தாளை நான்காக மடித்து, மாணவியரில் பிபி பார்க்க இருவர், டெம்பரேச்சருக்கு இருவர், படுக்கை விரிக்க மூவர் என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். 16 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வரிசையில் அதை எழுதினேன். அது என்ன விலை வாங்கியது என்பதையும் அறிவேன். கை கழுவுதல், பெயர் கேட்டு மருந்து கொடுத்தல் போன்றவற்றை எந்தப் பாடநூலும் சொல்லும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரே உடலில் மூன்று நான்கு நோய்களைச் சுமந்து வரும் நோயாளியிடம் மாணவியரை அழைத்துச் செல்லும்போது, பயிற்றுவிக்கும் நாம் செய்யும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆளுக்கொரு வேலை என்று பிரித்துக் கொடுப்பது

இதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அந்தத் தாளை எழுதிய அன்று என் பொறுப்பில் ஒன்பது மாணவியர் இருந்தனர். ஜன்னலோரப் படுக்கையில் இருந்தவருக்கு வயது 58. நீண்ட நாள் சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, வாரம் இருமுறை டயாலிசிஸ், பலவீனமான இதயம். இதயத்துக்காக மெட்டோபுரோலால் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். முந்தைய இரவு ரவுண்ட்ஸில் அவருக்கு வயிற்று ஸ்கேன் எழுதியிருந்தார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும். ஆனால், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் என்று கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருந்த உத்தரவை யாரும் நிறுத்தி எழுதவில்லை.

விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை (சிபிஜி) பார்த்த மாணவி 212 என்று குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். இன்சுலின் பொறுப்பில் இருந்தவள், அந்த எண்ணையும் உத்தரவையும் சரிபார்த்து, வார்டு சிஸ்டரிடமும் காட்டி, 10 யூனிட் போட்டாள். படுக்கை விரித்தவளிடம் நோயாளியின் மனைவி, “இன்னைக்கு ஸ்கேன் இருக்கும்மா, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்று சொல்லியிருக்கிறார். அவளும் தலையாட்டிவிட்டு விரிப்பை மாற்றினாள். உணவுப் பொறுப்பில் இருந்தவள், தட்டு தொடாமல் இருப்பதைக் கண்டு, ‘சாப்பிடவில்லை’ என்று முறையாகவே எழுதினாள். பிபி பார்த்தவள் சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருப்பதைக் கண்டாள். மின்விசிறி ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு 130/80 என்று எழுதினாள். டெம்பரேச்சர் பார்த்தவளுக்கு உடம்பு சில்லிட்டிருப்பது தெரிந்தது. காய்ச்சல் இல்லை என்பதோடு அவள் வேலை முடிந்துவிட்டது.

ஒன்பதரை மணிக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போக வீல்சேர் வந்தபோது அவர் வாய் குழறிப் பேசினார். சர்க்கரை 34. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. ஏற்றியதும் கண் திறந்தார். எல்லோரும் மூச்சு விட்டோம். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் இறங்கியது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இன்சுலின் உடலை விட்டு வெளியேறத் தாமதமாகும் என்பதைப் பத்து நாட்களுக்கு முன் வகுப்பில் நடத்தியவள் நான்தான். பாடம் வகுப்பில் இருந்தது, நோயாளி வார்டில் இருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் யாரையும் நான் நிறுத்தியிருக்கவில்லை. தொடர்ந்து சர்க்கரை நீர் ஏற்றியதில், தண்ணீரே அளந்து குடிக்க வேண்டியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டயாலிசிஸை முன்கூட்டியே செய்ய வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் வீடு திரும்பும்வரை அவர் மனைவி எங்கள் மாணவியரில் எவரையும் ஊசியுடன் கிட்டே வர விடவில்லை.

ஆறு மாணவியரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள் என்பதுதான் இதில் கொடுமை. மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அந்த ஒற்றைத் தடயம் எழுத்தில் ஏறாமல் பிபி பார்த்தவளோடு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டது. ஊசி போட்டவள்தான் விளக்கக் கடிதம் எழுதினாள். தாளை எழுதிய என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தப் பிரிவினை ஏன் ஒழியவில்லை என்பதும் தெரிந்ததுதான். ஓர் ஆசிரியருக்குப் பத்து மாணவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விகிதம் வகுத்திருந்தாலும், வார்டில் அதற்கும் அதிகமானவர்களை வைத்துக்கொண்டு நிற்கும் நாட்கள் உண்டு. மாணவியர் செய்த வேலைகளைக் குறிக்கும் லாக் புக்கில் இத்தனை ஊசி, இத்தனை கத்தீட்டர் என்று கையெழுத்து நிரம்ப வேண்டும். வேலை பிரித்துக் கொடுத்தால் ஒன்பது மணிக்குள் வார்டு பளிச்சென்று ஆகிவிடும், சிஸ்டரும் மகிழ்வார். நோய் ஒன்றே ஒன்று என்றால் இந்த முறை எப்படியோ ஓடிவிடும். நான்கு நோய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் உடம்பில் ஆபத்து அந்தப் பின்னலில்தான் இருக்கிறது. வேலையைப் பிரிக்கும்போது நாம் அறுப்பது அந்தப் பின்னலைத்தான்.

இப்போது நான் இரண்டு மாணவியருக்கு ஒரு நோயாளி என்று கொடுக்கிறேன். மூன்று நாட்களுக்கு ஆளை மாற்றுவதில்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர்கள் எனக்கு நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: இன்று அவர் என்ன சாப்பிடப் போகிறார், இன்று அவரை எங்கே அழைத்துச் செல்லப் போகிறார்கள், எந்த மருந்து வேறு எந்த மருந்தின் அல்லது நோயின் முகத்தை மறைக்கும், நிலைமை மோசமானால் முதலில் எது மாறும். நான்கில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் ஊசி ட்ரே மேசையிலேயே இருக்கும்.

மூச்சு எண்ணாமல் 20 என்று எழுதுவது

சில சார்ட்டுகளைப் பார்த்தால் வார்டில் உள்ள முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதாகத் தோன்றும். நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் கருவியில் வந்துவிடுகின்றன. மூச்சுக்கு மட்டும் ஒரு நிமிடம் உட்கார வேண்டும் என்பதால் அது கற்பனையில் எழுதப்படுகிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு என்றால் அந்த ஓர் அளவுக்கே உச்ச மதிப்பெண்ணான 3 கொடுக்கிறார்கள். இரத்த அழுத்தம் கைவிடுவதற்கு வெகு முன்பே மூச்சு பேசத் தொடங்கிவிடும் என்பதே காரணம். டயாலிசிஸ் தவறியவருக்கும், சர்க்கரை கட்டுமீறி அமிலம் சேர்ந்தவருக்கும், மூச்சு வேகத்தோடு ஆழமும் கூடும். ஆக்சிமீட்டரில் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

நான் செய்வது எளியது. நாடியைப் பிடித்தபடியே, கையை எடுக்காமல், பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி முழு நிமிடம் எண்ணச் சொல்கிறேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். நானும் படுக்கையின் மறுபக்கம் நின்று எண்ணுகிறேன். அவளுடைய எண் 20, என்னுடையது 28 என்று ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று அத்தியாயங்களை ஒரே நோயாளியிடம் ஒப்பிப்பது

பராமரிப்புத் திட்டம் (கேர் ப்ளான்) எழுதச் சொன்னால், சர்க்கரை நோய்க்கு ஒரு பக்கம், சிறுநீரகத்துக்கு ஒரு பக்கம், இதயத்துக்கு ஒரு பக்கம் என மாணவியர் அழகாகக் கோடு போட்டு எழுதி வருவார்கள். மூன்று பக்கமும் தனித்தனியே சரி. ஒன்றாக வைத்தால் சண்டை போடும். ஒரு பக்கம் காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடச் சொல்லும். இன்னொரு பக்கம் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லும். இதயத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்ன மாணவியின் பேச்சைக் கேட்டு, ஒரு நோயாளியின் மகன் கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். அத்தகைய உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கக்கூடியது. பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பார்த்த ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி அதை என்னிடம் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவள் லாக் புக்கில் எந்தப் பத்தியின் கீழ் கையெழுத்திடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இளநீர் கதையும் இதுவே. ஆஸ்பத்திரி வாசலில் விற்கிறது, பார்க்க வரும் உறவினர் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கி வருகிறார்கள். டயாலிசிஸ் நோயாளியின் தலைமாட்டில் அதைக் கண்டும் மாணவி பேசாமல் வந்தால், பொட்டாசியம் பாடத்தை அவள் தேர்வுக்குப் படித்திருக்கிறாள் என்றுதான் கொள்ள வேண்டும். அதே நோயாளிக்குச் சர்க்கரை இறங்கி, நினைவும் விழுங்கும் திறனும் இருந்தால், பொட்டாசியம் நிறைந்த ஆரஞ்சுச் சாற்றைத் தேடி ஓடக் கூடாது. 15 கிராம் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

நோய்வாரியாகப் பக்கம் பிரித்த கேர் ப்ளானை நான் இப்போது வாங்குவதில்லை. நடுவில் நோயாளியை எழுதி, சுற்றிலும் நோய்களையும் மருந்துகளையும் எழுதி, எது எதைத் தொடுகிறது என்று அம்புக்குறி போடச் சொல்கிறேன். தாள் அசிங்கமாகத்தான் இருக்கும். அம்பு இல்லாத சுத்தமான தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

எந்த சிரிஞ்ச் என்று பார்க்காமல் விடுவது

சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் உள்ளதற்கு. மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்.

ரைல்ஸ் டியூபில் காற்றடித்துக் கேட்பது

இது மூக்கு வழியே இரைப்பைக்குள் செருகி உணவூட்டும் குழாய். காற்றடித்தபோது சத்தம் கேட்டதால் குழாய் இரைப்பையில் இருக்கிறது என்று ஆகாது. நுரையீரலில் இருந்தாலும் சத்தம் வரும். உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையை முதலில் பார்க்க வேண்டும்; pH அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஊட்டலாம். பக்கவாதத்தோடு அமிலம் குறைக்கும் ஊசியும் போட்டுக்கொண்டிருப்பவரிடம் இந்த அளவு குழப்பும், நீர் வராமலும் போகும். அப்போது எக்ஸ்ரே கேட்க வேண்டும். கேட்கத் தயங்கும் மாணவிக்காக நாம் கேட்க வேண்டும்.

கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது

படுக்கைப் புண் வராமல் இருக்க என்று இப்படி வைக்க வேண்டாம். கெண்டைக்கால் முழுவதையும் தலையணையில் தாங்கி, குதிகாலை அந்தரத்தில் விடுங்கள்.

நாமே பதில் சொல்லிவிடுவது

மாணவி விழிக்கிறாள், கேள்வி கேட்ட மருத்துவர் காத்திருக்கிறார், நம் நாக்கு துறுதுறுக்கிறது. பத்து விநாடி பொறுக்க வேண்டும். உயிர் போகும் அவசரம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நோயாளியோடு இருக்கும் உறவினரை (அட்டெண்டரை) காவலாளியாக மட்டும் பார்ப்பது

மேலே சொன்ன காலையில் ஸ்கேன் விஷயத்தை முழுதாக அறிந்திருந்தவர் நோயாளியின் மனைவி ஒருவரே. வேறொரு டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலா கையில் (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் கை) பிபி பட்டையைச் சுற்றப் போன மாணவியைத் தடுத்தவரும் அந்த நோயாளியின் மகள்தான். “அந்தக் கையில பாக்கக் கூடாதுக்கா” என்று அவள் சொன்னபோது அந்த மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்; நான் அந்தச் சிறுமியைப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் நோயாளியோடு வாழ்கிறவர்களுக்கு அவர் முகம் எப்போது மாறும் என்பது தெரியும். கேஸ் ஷீட்டை எடுக்கும் முன், “நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறார்?” என்று அவர்களிடம் கேட்டு, விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முதல் வாரத் தாமதத்தைக் கண்டு பழைய தாளுக்குத் திரும்புவது

நோயாளிவாரியாகப் பிரித்தால் வேலை தாமதமாகும், இதை மறைப்பதற்கில்லை. புதிய டியூட்டரிடம் அன்று மாலை பேசினேன். மறுநாள் அவர் இருவருக்கு ஒருவர் என்று நான்கு நோயாளிகளைக் கொடுத்து, மிஞ்சிய ஒரு மாணவியை வார்டு சிஸ்டரோடு விட்டார். பத்தரை மணியாகியும் இரண்டு படுக்கைகளில் விரிப்பு மாற்றவில்லை. சிஸ்டர் என்னிடமே வந்து, “உங்க பொண்ணுங்க பேசிக்கிட்டே இருக்காங்க மேடம்” என்று சலித்துக்கொண்டார். போய்ப் பார்த்தேன். ஒருத்தி மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு, நோயாளி காலையில் இரண்டு இட்லியில் ஒன்றைத்தான் சாப்பிட்டார், இன்சுலின் இன்னும் போடவில்லை, டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடலாமா என்று மற்றவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். விரிப்பை நானும் டியூட்டரும் மாற்றினோம்.