பார்கோடு ஸ்கேனரில் 955 காணாமல் போனபோது

சுங்கை சிப்புட்டில் அண்ணனின் மளிகைக் கடையில் லினக்ஸ் மடிக்கணினிதான் கல்லா. கொஞ்ச நேரம் சும்மா இருந்த ஸ்கேனரில் முதல் பொருளைக் காட்டினால், மலேசிய பார்கோடின் தொடக்கமான 955 விழாது. மறுமுறை காட்டினால் எல்லாம் சரி.

காரணம் மின்சிக்கனம். கணினி தொடங்கும்போதெல்லாம் மின்சிக்கன நிரலான பவர்டாப் ஓடி, யுஎஸ்பி சாதனங்களை ஆட்டோசஸ்பெண்டுக்கு, அதாவது சும்மா இருந்தால் தானாக உறங்கும் நிலைக்கு, மாற்றியது. உறங்கவைக்கும் முன் லினக்ஸின் மையமான கெர்னலின் இயல்பான காத்திருப்பு வெறும் 2 வினாடி! ஸ்கேனர் விசைப்பலகை போலத்தான் எழுத்துகளை அனுப்புகிறது; இணைப்பு விழித்தெழுவதற்குள் முன்னிலக்கங்கள் தொலைகின்றன.

ஸ்கேனரின் பவர் கன்ட்ரோல் கோப்பில் 'ஆட்டோ'வை 'ஆன்' (எப்போதும் விழித்திரு) ஆக்கியதும் தீர்ந்தது. சாதனம் இணைந்ததும் அதன் அமைப்பை மாற்றும் யுடெவ் விதி மட்டும் எழுதினால் நிற்காது, பவர்டாப் பின்னால் வந்து மாற்றிவிடும். அதனால் பவர்டாப் சேவை முடிந்ததும் 'ஆன்' எழுதும் வரியைச் சேர்த்தேன். ஆட்டோசஸ்பெண்டை -1 கொடுத்து மொத்தமாக அணைக்கலாம்தான். ஒரு ஸ்கேனருக்காக பேட்டரியை வீணாக்க மனமில்லை.