மெடலின் மெக்கான் வழக்கைப் பற்றிக் கதைக்கும்போது நாம் விடும் பிழைகள்

2020 ஜூன் முதல் வாரம். கொழும்பில் ஊரடங்கு தளர்ந்திருந்த நாட்கள். வெள்ளவத்தையில் இருக்கும் மாமி வீட்டுக்கு மரக்கறி கொண்டுபோயிருந்தேன். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "பிள்ளை, ஆளைப் பிடிச்சிட்டாங்களாம்" என்றார். 2007இல் போர்த்துக்கலில் காணாமல் போன மெடலின் மெக்கான் என்ற பிரித்தானியப் பிள்ளையைப் பற்றி ரொறன்ரோவிலிருந்து வந்த குரல்பதிவு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினார். ஜேர்மன்காரன் ஒருவன் பிடிபட்டுவிட்டான், கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான், உடலையும் எடுத்துவிட்டார்கள் என்றது அந்தக் குரல்.

மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. அந்த மனிதர் வேறொரு குற்றத்துக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தார். எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உடல் எதுவும் கிடைக்கவுமில்லை. ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர வழக்குத் தொடுநர்கள் சொன்னது, பிள்ளை இறந்துவிட்டது என்று தாங்கள் கருதுவதாகவும் அவரைச் சந்தேகிப்பதாகவும்தான். 2022இல் போர்த்துக்கலும் அவரைச் சந்தேக நபராக அறிவித்தது. 2025 செப்டெம்பரில் வேறொரு வழக்கின் தண்டனை முடிந்து அவர் வெளியே வந்தபோதும் மெடலின் விடயத்தில் அவர்மீது குற்றப்பத்திரம் தாக்கலாகியிருக்கவில்லை.

காணாமல் போன பிள்ளை என்றால் நம் வீடுகளில் யாருக்கும் அது வெறும் செய்தி இல்லை. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தவர்கள் நாம். அதனால்தான் எங்கேயோ போர்த்துக்கலில் நடந்ததை இவ்வளவு நெருக்கமாகக் கதைக்கிறோம். கதைப்பதில் பிழையில்லை. கதைக்கும் விதத்தில்தான் பிழை விடுகிறோம்.

உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். 2007 மே 3ஆம் திகதி இரவு, அல்கார்வ் கடற்கரையில் உள்ள பிராயா ட லூஸ் என்ற ஊர். நான்காவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்த பிரித்தானியப் பிள்ளை, இரட்டையர்களான தம்பி தங்கையோடு விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர் இருவரும் வைத்தியர்கள். அதே விடுதியின் உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டபடி, முறைவைத்துப் போய்ப் பார்த்துவந்தார்கள். இரவு 10 மணியளவில் தாய் போனபோது கட்டில் காலி. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

முதல் பிழை ஒரு சொல்லில் தொடங்குகிறது. 2007 செப்டெம்பர் 7ஆம் திகதி பெற்றோரை 'அர்கீது' என்று போர்த்துக்கல் பொலிஸ் அறிவித்தது. நம்மில் பலர் அதைக் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று எடுத்துக்கொண்டோம். அந்நாட்டுச் சட்டத்தில் அது விசாரணையின் நடுவே வரும் ஒரு நிலை. சாட்சியாக இருப்பவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். அர்கீது ஆனவருக்குச் சட்டத்தரணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் பேசாமல் இருக்கவும் உரிமை வருகிறது. அந்த நிலையைத் தாமாகவே கேட்டுப் பெறவும் முடியும். தாய் 48 கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று இன்றும் பலர் விரல்நீட்டுகிறார்கள். சட்டம் தந்த உரிமையை அவர் பயன்படுத்தினார், அவ்வளவுதான். 2008 ஜூலை 21ஆம் திகதி ஆதாரம் போதாது என்று வழக்கு மூடப்பட்டபோது அந்த நிலையும் நீக்கப்பட்டது. அறிவித்த செய்தி உலகம் சுற்றியது. நீக்கிய செய்தி அந்தளவுக்குப் போகவில்லை.

அடுத்தது டிஎன்ஏ. இதைத்தான் நான் அதிகமாகக் கேள்விப்படுகிறேன், இதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 2007 கோடையில் இங்கிலாந்திலிருந்து இரண்டு மோப்பநாய்கள் வந்தன. ஒன்று பிணவாடைக்கு, மற்றது இரத்தத்துக்கு. விடுதி அறையிலும் பெற்றோர் வாடகைக்கு எடுத்த காரிலும் அவை அடையாளம் காட்டின. நாய் அடையாளம் காட்டினால் அந்த இடத்தைத் தோண்டிப் பார், துடைத்து எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பு என்று அர்த்தம். ஆய்வில் உறுதியாகாதவரை அது சாட்சியம் ஆகாது என்று அவற்றைக் கொண்டுவந்த பயிற்சியாளரே சொன்னார்.

காரின் பின்பெட்டியில் எடுத்த மாதிரி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் ஆய்வுகூடத்துக்குப் போனது. பிள்ளையின் டிஎன்ஏ விவரத்தில் உள்ள 19 கூறுகளில் 15 அந்த மாதிரியிலும் இருந்தன. உடனே, சோதனையில் நூற்றுக்கு 79 எடுத்தமாதிரி, "கிட்டத்தட்ட 80 வீதம் பொருந்திவிட்டது" என்று பரவியது. ஆனால் அந்த மாதிரியில் மொத்தம் 37 கூறுகள் இருந்தன. குறைந்தது மூன்று பேருடையது கலந்திருந்தது. எழுத்துத் துண்டுகள் 37ஐ ஒரு சுளகில் கொட்டினால் அதிலிருந்து பல பேர்களைப் பொறுக்கி எடுக்கலாம். அந்தப் பேரை யாரோ எழுதிவைத்தார்கள் என்று ஆகாது. அதுவும் பிள்ளையின் கூறுகளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருபவை. தம்பி தங்கையிடமும் அவற்றில் பல இருக்கும். அந்தக் குடும்பம் ஓடித்திரிந்த கார் அது. பிள்ளை காணாமல் போய் மூன்று வாரத்துக்கு மேல் கழிந்த பிறகு வாடகைக்கு எடுத்த கார். அர்த்தம் சொல்ல முடியாதபடி கலவை சிக்கலாக இருக்கிறது என்றுதான் ஆய்வுகூடம் எழுதியது. 'தெரியவில்லை' என்ற அந்தப் பதில் விசாரணை அதிகாரிகளின் கையில் 'ஆம்' ஆகிவிட்டது, பத்திரிகைகளில் தலைப்பாகிவிட்டது.

அப்புறம், முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. "பெத்த தாய் அப்படி நிப்பாளோ?" என்று மாமியே ஒருதரம் கேட்டார். கமெராவுக்கு முன்னால் உணர்ச்சியைக் காட்ட வேண்டாம் என்று தங்களுக்கு அறிவுரை தரப்பட்டதாகப் பெற்றோர் பின்னர் சொன்னார்கள். அதை விடுங்கள். 1980இல் அவுஸ்திரேலியாவின் உலுரு பாறையடியில் ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போனது. தாய் போதியளவு அழவில்லை என்று நாடே கதைத்தது. 1982இல் அவருக்கு ஆயுள்தண்டனை. காரில் குழந்தையின் இரத்தம் என்று நீதிமன்றத்தில் காட்டியது, பெரும்பாலும் வாகனத்தில் சத்தத்தைக் குறைக்கப் பூசும் பொருள் என்று பின்னர் தெரிந்தது. குழந்தையின் சட்டை கிடைத்து 1986இல் அவர் வெளியே வந்தார். நாய்தான் கொண்டுபோனது என்று மரண விசாரணை அதிகாரி எழுதியது 2012இல். முப்பத்திரண்டு வருடம்.

கண்ணால் கண்ட சாட்சியும் தடுக்கிவிடும். அன்றிரவு 9.15 மணியளவில் ஒருவர் பிள்ளையொன்றைக் கையில் ஏந்திப் போனதைக் கண்டதாகப் பெற்றோரின் தோழி சொன்னார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கண்டார். ஆனால் அது பராமரிப்பகத்திலிருந்து தன் மகளைத் தூக்கிக்கொண்டு போன ஒரு விருந்தினராக இருக்கலாம் என்று லண்டன் பொலிஸ் 2013இல்தான் சொன்னது. ஆறு வருடம் உலகம் அந்த நிழலின் பின்னால் ஓடியது.

பெயர் சொல்லி ஒருவரைக் குற்றவாளியாக்குவது அங்கேயும் நடந்தது, நம் ஊரிலும் நடந்தது. பிராயா ட லூஸில், பொலிஸுக்கு மொழிபெயர்க்க உதவிய அயலவர் ஒருவரே முதல் சந்தேக நபரானார். அவரும் விடுவிக்கப்பட்டார், பிரித்தானியப் பத்திரிகைகள் 6 இலட்சம் பவுண் நட்டஈடு கொடுத்தன. பெற்றோருக்கு ஒரு பத்திரிகை நிறுவனம் முன்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு 5,50,000 பவுண் கொடுத்தது. இங்கே, 2015இல் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுப் பிள்ளை கொல்லப்பட்டபோது 17 வயதுப் பாடசாலைப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் படம் ஊரெல்லாம் போனது. டிஎன்ஏ பொருந்தவில்லை. பிறகு வேறொருவர் தானே செய்ததாக வாக்குமூலமே கொடுத்தார். அவருடைய டிஎன்ஏயும் பொருந்தவில்லை, அவருடைய சகோதரனோடுதான் பொருந்தியது. கட்டுநாயக்கவிலிருந்து வெகுதூரம் இல்லை அந்த ஊர். அந்தப் பையனை அன்று திட்டிப் பதிவு போட்டவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போய் அழித்தார்கள்?

பழியை ஒரே நாட்டின் தலையில் போடுவதும் சரியில்லை. முதல் மணித்தியாலங்களில் போர்த்துக்கல் பொலிஸ் தவறியது உண்மை. சுமார் 20 பேர் போய்வந்த பிறகுதான் அந்த அறை மூடப்பட்டது. ஆனால் விசாரணையைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. பேசாத பொலிஸும் செய்தி கேட்டு நின்ற பிரித்தானியப் பத்திரிகைகளும் சேர்ந்த இடத்தில் வதந்தி பெருகியது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய கொன்சாலோ அமரால் பிரித்தானியப் பொலிஸைப் பகிரங்கமாகக் குறைசொன்னதால் 2007 ஒக்டோபரில் நீக்கப்பட்டார். 2011இல் லண்டன் பொலிஸ் 'ஒப்பரேஷன் கிரேஞ்ச்' என்று தனியாகத் தொடங்கி, இதுவரை 1 கோடியே 30 இலட்சம் பவுணுக்கு மேல் செலவழித்துவிட்டது.

இந்தத் தொகையைக் கேட்டதும் நம்மில் ஒரு கோபம் வரும். எனக்கும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு யார் இவ்வளவு தேடினார்கள்? அந்தக் கேள்வி நியாயமானது, கேட்கவேண்டிய இடத்தில் விடாமல் கேட்கவேண்டும். அதை அந்த மூன்று வயதுப் பிள்ளையின் பெற்றோர்மீது திருப்புவதுதான் பிழை.

சரி, வெளிநாட்டில் நம் உறவில் ஒரு பிள்ளை காணாமல் போனால்? 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உடனே அந்த ஊர்ப் பொலிஸுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் இதற்கென்றே 116000 என்ற இலக்கம் இருக்கிறது. அறையைக் கூட்டிப் பெருக்க விடாதீர்கள், தலையணை உறையைக்கூட. ஆறுதல் சொல்ல வருபவர்கள் வெளியே நிற்கட்டும். இங்கிருந்து வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் அந்நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கும் சொல்லலாம். பிள்ளை இங்கே காணாமல் போனால் 119, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. வாக்குமூலம் எடுக்கும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். 'பார்த்தேன்' என்பதும் 'பார்த்தமாதிரி இருந்தது' என்பதும் மொழி மாறும்போது ஒன்றாகிவிடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் வெளியே பேசட்டும்.

2023இல் போலந்துப் பெண்ணொருவர் தான்தான் மெடலின் என்றார். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கண்ணைப் பார், கன்னத்தைப் பார் என்று வந்ததை மாமியும் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் லண்டன், ரொறன்ரோ, சிட்னி எல்லாம் கண்ணீர் முகங்கள். சில வாரத்தில் டிஎன்ஏ முடிவு வந்தது. அந்தப் பெண்ணின் வம்சாவளி போலந்துதான். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, "நான் போட்டது பிழை. அது அந்தப் பிள்ளை இல்லையாம்" என்று அதே குழுவில் எழுதினார். மாலைவரை ஒருவரும் பதில் போடவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பவும் போட்டார்.