சிற்றூர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய ஊர்களின் கழிவுநீர் அமைப்புகளைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், இப்பணிக்குப் புதிதாக வந்தவர்கள் நான் முன்பு செய்த அதே தவறுகளைச் செய்வதைக் காண்கிறேன். குழாயின் சாய்வு, மூடியின் இறுக்கம் போன்றவற்றை எந்தக் கொத்தனாரும் சொல்லிக் கொடுப்பார் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கசடை மறந்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சில பத்து வீடுகளே உள்ள ஊர்களில், படிவுத் தொட்டி ஒன்றையும் அதையடுத்து நாணல் நட்ட ஜல்லிப் படுகையையும் அமைப்பது பரவலான முறை. பசுமையாகத் தெரியும் படுகையை எல்லாரும் கவனிக்கிறார்கள். மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டியை எவரும் திறப்பதில்லை. கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் தொட்டியில் அமைதியாக நின்றால்தான் திடப்பொருள் அடியில் படியும், கொழுப்பு மேலே ஏடாக மிதக்கும். அடியில் படிந்த இந்தக் கசடு ஏற ஏற நீர் நிற்க இடம் குறைந்து, கடைசியில் வரும் நீர் கசடையும் வாரிக்கொண்டு படுகைக்குள் புகுந்துவிடுகிறது.

நான் முதலில் பொறுப்பேற்ற அமைப்பில் நான்கு ஆண்டுகள் தொட்டியைத் திறந்து பார்க்கவில்லை. வெளியேறும் நீர் தெளிவாக இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பினேன். உண்மையில் தொட்டியில் தங்கியிருக்க வேண்டிய கசடை ஜல்லி வடிகட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை, படுகையின் முகப்பில் நாணல் தண்டுகளுக்கிடையே கறுத்த நீர் கணுக்கால் உயரம் தேங்கி நின்றது. கையுறையோடு கிளறியபோது ஜல்லிக் கற்கள் கரிய களிம்பில் ஒட்டிக்கொண்டு கொத்தாக வந்தன. முன்பாதி ஜல்லி முழுவதையும் தோண்டி அகற்றிப் புதிதாக நிரப்ப நேர்ந்தது. அந்தப் பணத்தில் பல தடவை கசடை உறிஞ்சி எடுத்திருக்கலாம். என் கவனக்குறைவுக்கான செலவை அந்த ஊர் மக்கள் சுமந்தார்கள்.

அளந்து பார்ப்பது எளிது. நீண்ட கழியின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, ஏட்டை விலக்கி, அடிவரை மெல்ல இறக்கிச் சில நிமிடம் நிறுத்தியபின் நேராகத் தூக்குங்கள். துணியில் கறுப்பாகக் கறை படிந்த உயரமே கசடின் உயரம். நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டுமுன் அகற்றிவிட வேண்டும். உறிஞ்சு வண்டி தொட்டியருகே வர வழி உண்டா, எடுத்த கசடை எங்கே உலர்த்துவது என்பவற்றை வரைபடம் போடும்போதே முடிவு செய்யுங்கள்.

சராசரியை நம்பிக் கட்டுவது

பெருநகரில் நீண்ட குழாய்களில் வரும்போது நீர்வரத்து ஓரளவு சமனாகிவிடும். சிற்றூரில் எல்லா வீடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதால், காலை வரத்து சராசரியைப் போல மூன்று நான்கு மடங்காகலாம். குழாயையும் தொட்டியையும் அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

மின்தடையை எண்ணாதது

கழிவை நுண்ணுயிர்கள் தின்று சுத்தமாக்கும் காற்றூட்டும் தொட்டியில், அவை வேலை செய்ய லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். அதற்காகக் காற்றைச் செலுத்தும் ஊதுகருவி மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரிலும், ஊதுகருவியைப் பழுதுபார்க்க ஆளில்லாத ஊரிலும், இடம் கிடைக்குமானால் கழிவுநீரைத் தேக்கிச் சுத்தமாக்கும் குளமோ நாணல் படுகையோதான் பொருந்தும்.

மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது

கூடவே கூடாது.

தொட்டிக்குள் ஆளை இறக்குவது

நாற்றம் அடங்கிவிட்டது என்பதற்காக எவரையும் இறக்காதீர்கள். கழிவிலிருந்து எழும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகும்போது மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடுகிறது. இறங்கியவர் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க இன்னொருவர் பதறி இறங்குவார். அவரும் உள்ளேயே விழுவார்.