இரவிகுளமா, முக்கூர்த்தியா? கடலூரிலிருந்து மலைக்குக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

மூணாறு பக்கம் இரவிகுளம், ஊட்டி பக்கம் முக்கூர்த்தி. இரண்டும் தேசியப் பூங்கா, இரண்டிலும் வரையாடு, இரண்டிலும் புல்வெளியும் சோலைக்காடும். எதற்குப் போகலாம் என்று விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கடலூர் நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் போய் வந்தவன் என்ற முறையில், எங்கே பிசகுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் உயரத்தை ஒப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர். அப்புறம் என்ன யோசனை, இரவிகுளம்தானே என்பார்கள். முதல் தவறு இதுதான். ஆனைமுடி இரவிகுளம் பூங்காவில் இருப்பது உண்மை. ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் அதன் உச்சிக்கு ஏறிவிட முடியாது. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் பொதுமக்கள் போகிற இடம் ராஜமலை. வனத்துறை பஸ்ஸில் மேலே போய், போட்டிருக்கும் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரு முற்பகலில் முடிந்துவிடும்.

அதற்காக இரவிகுளத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. வரையாட்டை அவ்வளவு பக்கத்தில் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பாதை ஓரத்துப் பாறையில் ஒரு தாய் ஆடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஈரமூக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பின் வரிகளும் தெளிவாகத் தெரியும் தூரம். குட்டி அதன் வயிற்றுக்கடியில் முட்டிக்கொண்டிருந்தது. வயதானவர்களோடு, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இரவிகுளம் போங்கள். நாள் முழுக்க நடக்க வேண்டும், புல்மேட்டில் ஏறி இறங்க வேண்டும் என்றால் அது முக்கூர்த்திப் பக்கம்தான். ஆக, பார்க்கப் போகிறோமா, நடக்கப் போகிறோமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்து மாதம். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு பிப்ரவரியில் அம்மாவுக்கு வரையாடு காட்டுகிறேன் என்று மூணாறுக்கு அழைத்துப் போனேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் ராஜமலை மூடியிருப்பது தெரிந்தது. ஆடுகள் குட்டி போடும் காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. அம்மாதான், "குட்டி போடுற நேரத்துல நாம எதுக்குடா அங்க போய் நிக்கணும்?" என்றார்.

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூன், ஜூலையில் கடலூரில் வெயில் கொளுத்தும்போது மலைக்குப் போகலாம் என்றுதான் தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அதுதான் பெருமழைக் காலம். முக்கூர்த்தியை ஒட்டிய அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெய்தது 820 மில்லிமீட்டர். கடலூரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கும் மேல் அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயத்து வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், மண்ணுக்குள் போயின. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரண்டையும் விட்டுவிடுங்கள். கோடை விடுமுறைக்கு இரவிகுளம் சரிப்படும். முக்கூர்த்திக்கு என் கணக்கில் ஜனவரிதான். குறிஞ்சி பார்க்கப் போகிறவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டும். இரவிகுளத்தில் 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

மூன்றாவது தவறு உயிரோடு சம்பந்தப்பட்டது. வாட்ஸ்அப்பில் வருகிற "இரண்டு நாள் ட்ரெக்கிங், எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற செய்தியை நம்பி, அனுமதி இருக்கிறதா என்று கேட்காமலே பணம் கட்டுவது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ, சரிவில் மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். கோடைத் தொடக்கத்தில் தமிழக வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவது இதனால்தான். முக்கூர்த்திக்கு நாமாக வண்டி எடுத்துப் போய் உள்ளே நடந்துவிட முடியாது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி ஹட், அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா இரண்டும் அதில் உண்டு. வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். அந்த வழிகாட்டி இல்லாவிட்டால் நான் முதல் மணி நேரத்திலேயே முழங்கால் வரை புதைந்திருப்பேன். மேலே பச்சைப் புல்லாகத் தெரியும், அடியில் சதுப்பு. அவர் கம்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தார்.

குளிரை நாம் குறைத்தே எடை போடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் 30 டிகிரி என்றால் 2,500 மீட்டர் உயரத்தில் 15. ஜனவரி விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்து, மிதித்தால் நொறுங்கும். ஒன்பது மணிக்கு அதே பனி உருகி, கேன்வாஸ் ஷூவுக்குள் தண்ணீராக நிற்கும். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குக் காயாது. சீக்கிரம் காயும் பேண்ட், இரண்டு ஜோடி காலுறை, காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட் போதும். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே போய், காலையில் நேராக ஏறுவதும் வேண்டாம். ஊட்டியில் ஒரு ராத்திரி தங்குங்கள். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

கால் தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஊட்டி வரை போக வேண்டியதில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய், முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு ராஜகிரிக் கோட்டையை ஏறி இறங்கிப் பாருங்கள். சுமார் 240 மீட்டர் உயரம்தான். ஏறும்போது வாங்கும் மூச்சை விட, இறங்கும்போது முட்டி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். திங்கட்கிழமை காலை வீட்டு மாடிப்படியில் சாதாரணமாக இறங்க முடிந்தால் முக்கூர்த்திக்குப் பதிவு செய்யலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தால் இந்த முறை இரவிகுளம். அம்மா அப்பாவையும் கூட்டிப் போகலாம்.