ஐஸ்லாந்து எரிமலைப் பிளவுகளை அளப்பது எப்படி: திசை, நீளம், கணக்கு

ஐஸ்லாந்தின் திங்வெட்லிரில் அல்மன்னாகியாவ் பிளவைத் தூரத்திலிருந்து பார்த்தால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ஒரே சுவர் மாதிரிதான் தெரியும். கிட்டே போனால் கதை வேறு. ஒரு துண்டு ஓடி நின்றுவிடும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று அதற்கு இணையாகத் தொடங்கும், இரண்டுக்கும் நடுவில் பாறை சரிவாகச் சாய்ந்து கிடக்கும். இது ஒரு விரிசலா, இரண்டா? இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் நீளக் கணக்கு மொத்தமும் மாறும். அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னாலேயே விதியை எழுதி வையுங்கள்: இடைவெளி இத்தனை மீட்டருக்குள் இருந்து, நடுப்பாறையும் உடைந்திருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு. எந்த விதியானாலும் கடைசி விரிசல் வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

லாவா ஆறும்போது சுருங்கி ஐந்து பக்கம், ஆறு பக்கமாக வெடித்திருக்கும் இடுக்குகளைச் சேர்க்காதீர்கள். அவை பூமியின் மேலோட்டுத் தட்டுகள் விலகியதால் வந்தவை அல்ல.

அடுத்தது வரைபடம். கியூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதுவே போதும். ட்ரோன் படமோ 2 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலுள்ள ஆர்க்டிக்டெம் (ArcticDEM) நில உயரத் தரவோ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலையும் கோடாக வரையுங்கள். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் ஒரு முறை, துருவத்தை நெருங்க நெருங்க நீளத்தைப் பெரிதாக்கிவிடும்) அப்படியே நீளத்தை எடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் 64 டிகிரி அட்சரேகையில் 1 கி.மீ. விரிசல் கிட்டத்தட்ட 2.3 கி.மீ. என்று காட்டும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து நீளத்தை மீட்டரில் ஏறக்குறைய சரியாகக் காட்டும் யூடிஎம் (UTM) முறைக்கு மாறுங்கள்; திங்வெட்லிருக்கு அதன் 27 மண்டலம் நன்றாகப் பொருந்தும், அதன் நடுக்கோடான மேற்கு 21 டிகிரி பக்கத்திலேயே போகிறது. களத்தில் சரிபார்க்கும்போது காம்பஸைப் பசால்ட் மேலேயே வைக்க வேண்டாம். பாறையில் இருக்கும் காந்தத் தாது முள்ளை இழுத்துவிடும்.

இனி திசை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். விரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த 10 டிகிரியும் 190 டிகிரியும் ஒன்றுதான், ஆகவே எல்லாவற்றையும் 0 முதல் 180க்குள் கொண்டுவாருங்கள். அதோடு முடியவில்லை. வடக்கு ஐஸ்லாந்தில் 1975 முதல் 1984 வரை பிளந்த கிராஃப்லா எரிமலைப் பகுதியில் விரிசல்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. அங்கே ஒன்று 176 டிகிரி, இன்னொன்று 8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டி இரண்டால் வகுத்தால் 92, அதாவது கிழக்கு மேற்கு! முழுத் தப்பு. கோணத்தை முதலில் இரட்டியுங்கள்: 352, 16. ஒவ்வொன்றுக்கும் சைன், கொசைன் எடுத்துத் தனித்தனியாகக் கூட்டி, அந்த இரண்டு கூட்டுத்தொகையிலிருந்து திரும்பக் கோணம் கண்டுபிடித்தால் 4 வரும், அதில் பாதி 2 டிகிரி. இதுதான் சரியான சராசரி. நீண்ட விரிசலுக்குக் கூடுதல் எடை வேண்டுமென்றால் கூட்டுமுன் நீளத்தால் பெருக்குங்கள். என்னைக் கேட்டால் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், விடைகள் விலகினால் பெரிய விரிசல்களும் சின்னவையும் வேறு வேறு திசையில் ஓடுகின்றன என்று அர்த்தம்.

சராசரிக்கு முன்னால் ரோஸ் வரைபடத்தை (எந்தத் திசையில் எத்தனை விரிசல் என்று காட்டும் வட்டப் படம்) கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் வடகிழக்காக ஓடும் பிளவுகளும் உண்டு, வடக்கு தெற்காகப் பக்கவாட்டில் நகரும் பிளவுகளும் உண்டு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எந்தக் குடும்பத்துக்கும் சேராத ஒரு நடுத்திசை கிடைக்கும். பிரித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நீளத்தில் சராசரியை நம்பாதீர்கள், இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நீளம்) சேர்த்துச் சொல்லுங்கள், சின்ன விரிசல்கள் ஏராளம், பெரியவை சொற்பம் என்பதால் சராசரி எப்போதும் மேலே இழுபடும். அப்புறம், 'இந்த நீளத்துக்கு மேல் எத்தனை' என்று எண்ணி இரண்டு அச்சிலும் மடக்கை அளவில் புள்ளி வையுங்கள். நடுப்பகுதி நேர்கோடாக வந்தால் அடுக்கு விதி (எண்ணிக்கை நீளத்தின் ஒரு அடுக்கின்படி குறையும் விதி) என்று சொல்லத் தோன்றும், ஆனால் லாக்நார்மலையும் (நீளங்களின் மடக்கை மணி வடிவில் பரவும் இன்னொரு விதி) பொருத்திப் பார்த்துவிட்டே சொல்லுங்கள். அந்தக் கோட்டின் இரண்டு முனையும் வளைவது பெரும்பாலும் அளவீட்டின் குறை: சின்னவை படத்தில் தெரியாமல் விட்டுப்போகும், பெரியவை பட எல்லைக்கு வெளியே போய்விடும். திங்வெட்லிரில் பல விரிசல்கள் தெற்கே ஏரிக்குள் இறங்கி மறைகின்றன. அப்படிப்பட்ட கோட்டுக்கு அட்டவணையில் தனிப் பத்தி ஒதுக்கி 'ஒரு முனை தெரியவில்லை' என்று குறித்து வையுங்கள், அதன் நீளம் குறைந்தபட்சம் இவ்வளவு என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்.