உருக்குக் கசடில் கட்டற்ற சுண்ணாம்பை அளத்தல்

தோட்டப் பாதைக்கு உருக்குக் கசடை (உருக்கு ஆலையில் மிஞ்சும் கழிவை) பரப்புமுன் அதிலுள்ள கட்டற்ற சுண்ணாம்பை, அதாவது வேறு சேர்மங்களோடு பிணையாத கல்சியம் ஒட்சைட்டை, அளந்தே ஆகவேண்டும். நீரை உறிஞ்சினால் அது ஏறத்தாழ இருமடங்காகப் பருத்து, பாதையைப் பிளந்துவிடும்.

குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்த மாதிரியை மாவாக அரைத்து, உடனே காற்றுப்புகாத புட்டியில் மூடுங்கள். நுவரெலியா மூடுபனியில் திறந்து வைத்த தூள் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால், இந்த ஒரு படியில் தாமதம் கூடாது.

உலர்ந்த கூம்புக் குடுவையில் 1 கிராம் தூளுடன் 50 மில்லிலீற்றர் எதிலீன் கிளைக்கோல் சேர்த்து, 60 முதல் 70 பாகை செல்சியசில் அரைமணி நேரம் கலக்கிச் சூட்டோடு வடிகட்டுங்கள். வடிதிரவத்தில் நிறங்காட்டியான பினோத்தலீன் துளிகளை இட்டால் இளஞ்சிவப்புத் தோன்றும். அது மறையும்வரை 0.1 நோர்மல் ஐதரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, செலவாகும் அளவைக் குறித்து நியமியுங்கள். கசடில்லாத வெற்றுச் சோதனையின் அளவைக் கழித்தபின், மில்லிலீற்றர் ஒன்றுக்கு 2.804 மில்லிகிராம் கல்சியம் ஒட்சைட்டு எனக் கணக்கிடுங்கள். 14 மில்லிலீற்றர் செலவானால் ஏறத்தாழ 3.9 வீதம்.

ஏற்கெனவே நீருடன் சேர்ந்துவிட்ட நீறிய சுண்ணாம்பையும் கிளைக்கோல் கரைப்பதால், மழையில் கிடந்த கசடுக்கு இந்த எண் மட்டும் போதாது. அந்தக் கசடுத் தூளை 400 முதல் 500 பாகைவரை சூடாக்கும்போது ஏற்படும் எடையிழப்பு வீதத்தை 3.11 ஆல் பெருக்கி, முதல் விடையிலிருந்து கழியுங்கள்.